லினக்ஸில் ஊறியவர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி சொல்லிக்கொடுத்த அனுபவம்

கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது. சொன்னதைச் சொன்னபடி செய்து பார்ப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் ராத்திரி பகல் பார்க்காமல் சர்வர்களைக் கட்டிக் காத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு மாதிரி வேலை. அவர்களுக்குத் தெரியாதது மிகக் கொஞ்சம். ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதுதான் குறுக்கே வந்து நிற்கும். எங்கள் அலுவலகத்தில் லினக்ஸில் பழகிய அப்படி ஒரு குழுவுக்கு, யுனிக்ஸ் வழி வந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எது வேலை செய்தது, எங்கே சிக்கியது என்பதை எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பயன்படும்.

முதலில் பின்னணி. எங்கள் சர்வர்களில் பெரும்பாலானவை சென்ட்ஓஎஸ் என்ற ரெட்ஹேட் வகை லினக்ஸில் ஓடின. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பித் திட்டம் போட்டிருந்தோம். 2020 டிசம்பரில், அது 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும் என்ற அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30 கடைசி நாள். வெப் சர்வர்களை உபுண்டுவுக்கும் ஆல்மாலினக்ஸுக்கும் பிரித்து மாற்றினோம். பேக்கப் சேமிக்கும் பெரிய ஸ்டோரேஜ் சர்வர்களுக்கும் ஃபயர்வால்களுக்கும் மட்டும் ஃப்ரீபிஎஸ்டி என்று முடிவானது. ஸ்டோரேஜுக்குக் காரணம், கோப்புகளை டிஸ்க்கில் சேமித்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ். ரெட்ஹேட் வகை லினக்ஸில் அது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாகத்தான் வரும். கர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்த மாட்யூலும் ஒழுங்காகக் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் 2008-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே அது அமைப்பின் ஒரு பகுதி.

குழுவில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் ஸ்டோரேஜில் கரை கண்டவர். இன்னொருவர் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் விதிகளைப் பார்க்காமலே எழுதுவார். இவர்களை உட்கார வைத்து "இயங்குதளம் என்றால் என்ன" என்று ஸ்லைடு போட்டால் அது அவமரியாதை. வெளியிலிருந்து வாங்கிய பயிற்சி ஒன்றில் அதுதான் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் லேப்டாப்பைத் திறந்து தங்கள் வேலை டிக்கெட்டுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால் பாடத்திட்டத்தை நான் எழுதவில்லை, அவர்களிடமிருந்தே எடுத்தேன். ஒவ்வொருவரும் தங்கள் சர்வர்களில் அண்மையில் தட்டிய கமாண்டுகளின் ஹிஸ்டரியை, பாஸ்வேர்டுகளையும் வாடிக்கையாளர் பெயர்களையும் நீக்கிவிட்டு, அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்து, அதிகம் வருவது எது என்று வரிசைப்படுத்தினால், பத்து வருட அனுபவம் என்பது கிட்டத்தட்ட ஒரே கமாண்டுகள் திரும்பத் திரும்ப வருவதுதான் என்று தெரிந்தது. அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தேன். ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்படியே வேலை செய்பவை முதல் குவியல். இங்கே வேறு பெயரில் இருப்பவை இரண்டாவது. பெயர் அதே, நடத்தை வேறு என்பவை மூன்றாவது.

பெரும்பாலான பயிற்சிகள் இரண்டாவது குவியலில்தான் நேரத்தைச் செலவழிக்கின்றன. எஸ்எஸ் கமாண்டுக்குப் பதில் சாக்ஸ்டாட், எஸ்ட்ரேஸுக்குப் பதில் ட்ரஸ், எல்எஸ்பிஎல்கேக்குப் பதில் ஜிபார்ட் ஷோ என்று நீளமாக ஒரு அட்டவணை. இதற்கு வகுப்பே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். கமாண்ட் இல்லையென்றால் "இல்லை" என்று, தட்டுவதைப் படித்து ஓட்டும் ஷெல்லே சொல்லிவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து முழுக்க மூன்றாவது குவியலில். அங்கே கமாண்ட் ஓடும், ஏதோ ஒரு பதிலும் வரும், அந்தப் பதிலை நம்பி அடுத்த முடிவை எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது குவியலில் முதலிடம் பிஎஸ் -இஎஃப். லினக்ஸ் ஆட்களின் விரல் இதைத் தானாகவே தட்டும். லினக்ஸில் அது எல்லாப் புரோசஸ்களையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களையும், காட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் -இ என்றால் புரோசஸின் என்விரான்மென்ட் மாறிகளையும் சேர்த்துக் காட்டு என்று பொருள். எல்லோருடையதையும் காட்டு என்று அது சொல்வதில்லை. அதனால் உங்கள் டெர்மினலில் ஓடும் நான்கைந்து வரிகள் மட்டுமே வரும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், பிஎஸ் -இஎஃப் தட்டி, கிரெப் போட்டு அதன் பெயரைத் தேடிய ஒருவர், "சர்வீஸே செத்துப் போச்சுங்க, ரீஸ்டார்ட் பண்ணிடறேன்" என்றார். பயிற்சிக் கூடத்தில் இது சிரிப்பு. உண்மையான சர்வரில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரு நொடியில் அறுந்திருக்கும். பிஎஸ் ஏயூஎக்ஸ் என்று தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே பதில் வரும். அன்றிலிருந்து லினக்ஸிலும் அதையே பழகச் சொன்னேன்.

அடுத்தது நகலெடுக்கும் கமாண்டான சிபி -ஆர். நகலெடுக்கும் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால், லினக்ஸில் எந்த வித்தியாசமும் இல்லை. ஃபோல்டர் முழுசாக, அதன் பெயரோடு, போய்ச் சேரும். ஃப்ரீபிஎஸ்டியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போய்ச் சேரும் இடத்தில் கொட்டப்படும். டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் சாய்கோடு தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. சேரும் இடத்தில் அதே பெயர்களில் கோப்புகள் ஏற்கெனவே இருந்தால், சத்தமில்லாமல் மேலெழுதப்படும்.

எல்எஸ் போன்ற கமாண்டில் ஃபோல்டர் பெயரை முதலில் போட்டு, கடைசியில் -எல் சேர்ப்பது லினக்ஸில் நடக்கும். இங்கே -எல் என்ற பெயரில் கோப்பு இல்லை என்று பிழை வரும். இது ஆபத்தில்லை, எரிச்சல் மட்டும். ஷட்டவுன் -ஹெச் கொடுத்தால் லினக்ஸில் மின்சாரமே அணையும். இங்கே அமைப்பு நின்றுவிட்டு, விசையை அழுத்துங்கள் என்று காத்திருக்கும். மின்சாரம் அணைய -பி வேண்டும். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் வெறும் ரீபூட் கமாண்டைத் தட்ட வேண்டாம், ஷட்டவுன் -ஆர் நவ் என்றே கொடுங்கள் என்றும் சொல்லி வைத்தேன். ஃப்ரீபிஎஸ்டி 14-இல் அந்த வழியில் போனால்தான் சர்வீஸ்களை ஒழுங்காக நிறுத்தும் ஸ்கிரிப்டுகள் ஓடும்.

ஒரே பெயர் வேறு நடத்தை என்பதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. சோலாரிஸ் என்ற பழைய யுனிக்ஸ் காலத்து ஆட்களுக்குத் தெரியும்: லினக்ஸில் கில்ஆல் என்றால் பெயர் சொன்ன புரோசஸை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, இருந்து அதைத் தட்டினால் ஓடுகிற எல்லாமே நின்றுவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் கில்ஆல் லினக்ஸ் மாதிரிதான். ஆனாலும் புது இயங்குதளத்தில் உட்காரும்போது, நன்றாகத் தெரிந்த கமாண்டின் மேன் பக்கத்தை, அதாவது கூடவே வரும் கையேட்டைத்தான், முதலில் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை இல்லை.

இனி ஃபயர்வால். பயிற்சியில் அதிக நேரம் கொடுத்த இடம் இதுதான், கொடுத்ததும் சரிதான்.

பிஎஃப் என்பது 2001-இல் ஓபன்பிஎஸ்டியில் பிறந்து, பிறகு ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்த பாக்கெட் வடிகட்டி. ஐபிடேபிள்ஸில் மேலிருந்து படித்துக்கொண்டே வரும், முதலில் பொருந்துகிற விதியோடு கதை முடிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் அனுமதிகளை மேலே எழுதி, "மற்றதெல்லாம் தடு" என்பதைக் கடைசியில் வைப்பார்கள். பிஎஃப் கடைசி வரை படிக்கும். கடைசியாகப் பொருந்துகிற விதிதான் தீர்ப்பு, நடுவில் க்விக் என்ற சொல் போட்ட விதி பொருந்தினால் ஒழிய. அதனால் இங்கே தடையை மேலே எழுதி, அனுமதிகளைக் கீழே அடுக்க வேண்டும்.

இதை வகுப்பில் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மேன் பக்கம் இருக்கிறது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழி (22-ஆம் போர்ட்) மட்டும் திறந்திருக்கும்படி விதி எழுதுங்கள் என்றேன். ஆளுக்கொரு விர்ச்சுவல் சர்வர், நெட்வொர்க் இல்லாமலே கன்சோல் வழியாக உள்ளே போகும் வசதியோடு. ஐபிடேபிள்ஸில் வல்லவர் எல்லோருக்கும் முன்னால் முடித்தார், முடித்த கையோடு பூட்டிக்கொண்டார். "அண்ணே, 22-ஆம் போர்ட் ரூல் மேல தானே இருக்கு, ஏன் உள்ள விட மாட்டேங்குது?" என்று கேட்டார். கன்சோலில் போய் அவரே மேன் பக்கத்தைப் படித்து, அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். நான் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார், மறுவாரம் மறந்திருப்பார். அனுபவசாலிக்கு நாம் சொல்லும் விதியைவிட, அவருடைய பழைய விதி உடைந்து நிற்பதைப் பார்ப்பதுதான் உள்ளே இறங்குகிறது.

அதே பயிற்சியில் இன்னொரு நுட்பமான விஷயம் வெளியே வந்தது. பிஎஃப்பை முதன்முதலாக ஆரம்பித்தால், விதிகள் முழுக்கச் சரியாக இருந்தாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துவிடும். காரணம், அந்த இணைப்பு பிஎஃப் வருவதற்கு முன்பே தொடங்கியது. புது இணைப்பின் முதல் பாக்கெட்டைப் பார்த்தால்தான் பிஎஃப் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நடுவழியில் வரும் பாக்கெட் அனுமதி விதியில் பொருந்தாது. திரும்ப இணைத்தால் சரியாகிவிடும். இதற்கு நேர் எதிரான நிலைமைதான் பயங்கரம். பிஎஃப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பான விதிகளை ஏற்றினால், உங்கள் பழைய இணைப்பு கணக்கில் இருப்பதால் அறுகாது. எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஜன்னலை மூடிவிட்டுப் போன பிறகுதான், புதிதாக யாரும் உள்ளே வர முடியாது என்பது தெரியும்.

இதிலிருந்து எங்கள் குழு வைத்துக்கொண்ட வழக்கம்: விதிகளை ஏற்றும் முன் பிஎஃப்சிடிஎல் -என்எஃப் கொடுத்து எழுத்துப்பிழை பார்ப்பது. சில நிமிடங்களில் பழைய விதிகளைத் தானாகத் திரும்ப ஏற்றும்படி ஒரு வேலையை அட் கமாண்டில் போட்டு வைப்பது. ஏற்றிய பிறகு இன்னொரு ஜன்னலில் புது இணைப்பு வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் மட்டும் அந்த வேலையை நீக்குவது. இதை எழுதியது நான் இல்லை, பூட்டிக்கொண்டவர் எழுதினார்.

அடுத்த பெரிய மாற்றம் மனதளவில் நடக்க வேண்டியது. லினக்ஸ் விநியோகங்களில் கர்னல் முதல் எடிட்டர் வரை எல்லாமே பேக்கேஜ். ஃப்ரீபிஎஸ்டி 14 வரை அப்படி இல்லை. கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்தில், ஒரே மூல நிரல் மரத்தில் உருவாகி, ஒன்றாக வெளிவருகின்றன. இது அடிப்படை அமைப்பு. நாம் நிறுவுகிற என்ஜின்எக்ஸ், பைத்தான், சூடோ எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே தனியாக வாழும். அவற்றின் அமைப்புக் கோப்புகளும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி கீழேதான். இதைப் புரிந்துகொண்டால், "சூடோயர்ஸ் கோப்பு எங்கே?", "பேஷ் ஷெல் ஏன் வழக்கமான இடத்தில் இல்லை?" என்கிற கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும். பழைய ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பேஷுக்கு லினக்ஸ் பாதை எழுதியிருந்தால் இங்கே ஓடாது. என்வ் வழியாக அழைத்தால் இரண்டு இடத்திலும் ஓடும்.

இந்தப் பிரிவினையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் பாதுகாப்பிலேயே ஓட்டை விழும். லினக்ஸில் ஒரே கமாண்டில் எல்லாம் அப்டேட் ஆகும். அந்தப் பழக்கத்தில் இங்கே பேக்கேஜ்களை மட்டும் புதுப்பிக்கும் பிகேஜி அப்கிரேட் கொடுத்துவிட்டு, சர்வர் முழுவதும் பேட்ச் ஆகிவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் அடிப்படை அமைப்பில் இருக்கிறது. 14 வரை அதைப் பிகேஜி தொடவே தொடாது. அதற்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் தனியாக ஓட வேண்டும். பேட்ச் நிலையைச் சரிபார்க்க, கர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கமாண்டை நம்பவும் முடியாது. கர்னல் மாறாமல் மற்ற கருவிகள் மட்டும் மாறியிருந்தால் யூநேம் பழைய எண்ணையே காட்டும். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கமாண்ட் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். எங்கள் மாதாந்திரப் பேட்ச் அறிக்கையில் இப்போது இரண்டுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது.

ரூட்டின் ஷெல்லை பேஷுக்கு மாற்றலாமா என்று எல்லோருமே கேட்டார்கள். கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். பேஷ் ஒரு பேக்கேஜ். அது சார்ந்த லைப்ரரி ஒன்று அப்கிரேடில் காணாமல் போனால், ரூட்டாக உள்ளே நுழையவே முடியாது. சாதாரணக் கணக்கில் எந்த ஷெல் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். 14.0 பதிப்பிலிருந்து ரூட்டுக்கு எஸ்ஹெச் ஷெல்லே வருகிறது. பழைய சிஎஸ்ஹெச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அனுபவசாலிகளின் பயம் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இருக்கும். பதினைந்து வருடமாக "இவர் வந்தால் சர்வர் எழுந்துவிடும்" என்று பெயர் வாங்கியவர், ஜூனியர் பிள்ளைகள் பார்க்க, ஒரு ஐபி முகவரியை மாற்றத் தடுமாறுகிறார். அந்தக் கூச்சத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். கேள்வி நின்றால் கற்பதும் நின்றது. அதனால் ஜூனியர்களோடு கலந்து உட்கார வைக்கவில்லை. சமமான அனுபவம் உள்ள, ஆனால் வேறு துறையைச் சேர்ந்த இருவரை ஒரு ஜோடியாக்கினேன். ஃபயர்வால்காரருக்கு இசட்எஃப்எஸ் புதிது, ஸ்டோரேஜ்காரருக்கு பிஎஃப் புதிது. ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் கை கொடுக்கலாம், அடுத்த மணி நேரத்தில் அது திரும்பி வரும்.

பயத்தைப் போக்கியதில் பெரிய பங்கு பூட் என்விரான்மென்ட்டுக்கு. பிஇசிடிஎல் கமாண்டில் ஒரு நொடியில் இப்போதைய அமைப்பை அப்படியே ஒரு பெயரில் நிறுத்தி வைக்கலாம். பிறகு என்ன உடைந்தாலும், சர்வர் பூட் ஆகும்போது வரும் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பி வந்துவிடலாம். இதைச் சொல்லிக்கொடுத்த உடனே, "இப்போது சர்வரை உடையுங்கள்" என்றேன். யாரும் உடைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தார்கள். சர்வரைக் காப்பாற்றியே பழகிய கை. பிறகு ஒருவர் சர்வரின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு மேற்கோள் குறியை அழித்துவிட்டு ரீபூட் செய்தார். அந்தக் கோப்பு ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகவே படிக்கப்படுவதால், மூடாத ஒரு மேற்கோள் குறி போதும், சர்வர் பாதியில் நின்று, பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலைக்குப் போய்விடும். மெனுவுக்குப் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுத்தார், சர்வர் எழுந்து வந்தது. அதன் பிறகு அறையில் சத்தம் மாறிவிட்டது. நான் கேட்காமலே ஒவ்வொருவரும் எதையாவது உடைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உடைப்பதற்குத் துணிவு வந்த பிறகுதான் நிஜமான கேள்விகள் வந்தன. ஆர்சி.கான்ஃப்பை எடிட்டரில் திறக்காமல் சிஸ்ஆர்சி கமாண்டில் மாற்றுவது நல்லது என்பதையும் அன்றைக்கு எல்லோரும் தாமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

பூட் என்விரான்மென்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வழக்கமான நிறுவலில் /வார்/லாக், வீட்டு ஃபோல்டர்கள் போன்றவை இசட்எஃப்எஸ்ஸில் டேட்டாசெட் என்ற தனிப் பகுதியில் இருக்கும். பின்னால் போனாலும் அவை அப்படியே நிற்கும். /வார்/டிபி அப்படி இல்லை, அது பூட் என்விரான்மென்ட்டுக்கு உள்ளே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் தரவை அங்கேதான் வைக்கும். அப்கிரேட் சரியில்லை என்று பழையதற்குத் திரும்பினால், டேட்டாபேஸும் கூடவே பழைய நாளுக்குப் போய்விடும். அதனால் டேட்டாபேஸ் நிறுவும் முன்பே அதற்குத் தனி டேட்டாசெட் உருவாக்கிவிட வேண்டும்.

புரோகிராம்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் ஜெயில் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கவில்லை. பால்-ஹென்னிங் காம்ப் உருவாக்கி, 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0-ஓடு வந்த வசதி அது, லினக்ஸில் கன்டெய்னர் ஓட்டும் டாக்கருக்கு வெகு காலம் முந்தியது. கன்டெய்னரில் பழகியவர்கள் ஒரு மதியத்தில் பிடித்துக்கொண்டார்கள். முழுக்கப் புதிதானதை இவர்கள் வேகமாகக் கற்கிறார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இங்கே ஏன் இல்லை என்ற வாக்குவாதம் வந்தது. வந்தே தீரும். அதை அடக்கக் கூடாது. லினக்ஸ்காரர்கள் சொன்னதில் சில நியாயமானவை, ஒப்புக்கொண்டேன். ஒரு சர்வீஸ் தானாகச் செத்தால், சிஸ்டம்டியில் ஒரே வரியில் திரும்ப எழுப்பச் சொல்லிவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியின் ஆர்சி அமைப்பு தொடக்கி வைக்கும், நிறுத்தும், பிறகு கண்காணிக்காது. டீமன் கமாண்டை -ஆர் சேர்த்துப் பயன்படுத்தலாம், அல்லது வெளியிலிருந்து ஒரு கண்காணிப்புக் கருவி போடலாம். டாக்கர் இமேஜ்களை அப்படியே ஓட்டிப் பழகிய குழுக்களுக்கு இந்த இயங்குதளம் பொருந்தாது, அதையும் மறைக்கவில்லை. குறை இருக்கும் இடத்தில் குறை என்று சொன்னால்தான், நிறை என்று சொல்லும்போது நம்புவார்கள். புது இயங்குதளத்துக்குக் கொடி பிடித்துக்கொண்டு வகுப்பெடுக்க வருபவரை இந்த வயதுக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

பதில் தேடும் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைக்கும் ஃப்ரீபிஎஸ்டி பதில்கள் பலவும் பழைய பதிப்புகளுக்கானவை. ஏஐ அரட்டைக் கருவிகளோ, லினக்ஸ் கமாண்டை ஃப்ரீபிஎஸ்டி என்று சொல்லித் தருவதை வகுப்பிலேயே பார்த்தோம். மேன் பக்கமும் ஹேண்ட்புக்கும்தான் முதல் இடம் என்று ஒரு வழக்கம் வைத்தோம். ஃப்ரீபிஎஸ்டியின் மேன் பக்கங்கள் அக்கறையாக எழுதப்பட்டவை. ஹையர் பக்கம் எந்த ஃபோல்டரில் என்ன இருக்கும் என்று சொல்லும், ஆர்சி.கான்ஃப் பக்கம் ஒவ்வொரு மாறியையும் விளக்கும். பிழைச் செய்தியையும் முழுதாகப் படிக்கச் சொன்னேன். பதிவு செய்யாத சர்வீஸை ஆரம்பித்தால், எந்த மாறியை யெஸ் ஆக்க வேண்டும், அல்லது ஒன்ஸ்டார்ட் என்று கொடு என்று அந்தச் செய்தியே சொல்கிறது. அதைப் படிக்காமல் மூன்று முறை அதே கமாண்டைத் தட்டுபவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள்தான். செய்தி என்னவாக இருக்கும் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

கடைசிக் கட்டத்தில் தேர்வு வைக்கவில்லை. வேண்டுமென்றே கெடுத்து வைத்த சர்வர்களைக் கொடுத்தேன். எல்லோரையும் அலைய வைத்தது டிஸ்க் நிரம்பிய சர்வர். லாக் கோப்புகளை அழிக்கிறார்கள், இடம் வரவில்லை. லினக்ஸ் அனுபவம் உடனே சொல்லும்: ஏதோ ஒரு புரோசஸ் அழித்த கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ரீஸ்டார்ட் செய். செய்தார்கள், அப்போதும் இடம் வரவில்லை. ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்த இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் ஒன்று அந்தக் கோப்புகளைத் தாங்கி நிற்கிறது. அந்த ஸ்னாப்ஷாட் போகும் வரை இடம் திரும்பாது. இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ் என்று கொடுத்தால் ஸ்னாப்ஷாட்டுகள் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று தனிப் பத்தியில் தெரியும். இன்னொருவர் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் டாப் கமாண்டைப் பார்த்து, நினைவகத்தில் பெரும்பகுதி வயர்டு என்று இருப்பதைக் கண்டு, ஏதோ கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அதில் பெரும்பங்கு, டிஸ்க் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ்ஸின் ஏஆர்சி கேஷ். தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும்.

ஒரு விஷயத்தில் குழுவோடு எனக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. லினக்ஸில் வரும் குனு கருவிகளைப் பேக்கேஜாக நிறுவி, எல்எஸ், செட், டேட் எல்லாவற்றுக்கும் ஏலியஸ் (மாற்றுப் பெயர்) போட்டுவிட்டால் லினக்ஸ் மாதிரியே இருக்குமே என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. சர்வர் சிங்கிள் யூசர் நிலையில் நிற்கும்போது அந்த ஏலியஸ் எதுவும் கூட வராது. நெருக்கடியில்தான் கை சரியான கமாண்டைத் தட்ட வேண்டும். அதற்குப் பதில், கமாண்ட் தட்டும் இடத்தில் வரும் ப்ராம்ப்டில் இயங்குதளத்தின் பெயரை வேறு நிறத்தில் காட்ட வைத்தோம். இவர்கள் காலையில் உபுண்டு, மதியம் ஃப்ரீபிஎஸ்டி என்று மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள். எங்கே நிற்கிறோம் என்பது கண்ணில் பட்டால், பாதித் தவறு விரலிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த குழுவுக்கு வரிசையை மாற்றியிருக்கிறோம். பழுதான டிஸ்க்கை மாற்றும் பயிற்சி கடைசியில் இருந்தது, இப்போது முதல் வாரத்திலேயே வருகிறது. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும், பூட் ஆகும் மிரரில் ஒரு டிஸ்க் போனால், புது டிஸ்க்கைச் செருகி இசட்பூல் ரீப்ளேஸ் கொடுப்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) ஆன்லைன் என்று காட்டும், டிக்கெட்டும் மூடப்படும். ஆனால் பூட் பகுதி அந்தப் பூலுக்குள் இல்லை. ஜிபார்ட் வைத்து நல்ல டிஸ்க்கில் இருக்கும் பிரிவுகளை அப்படியே புதியதில் உருவாக்கி, பூட் கோடையோ ஈஎஃப்ஐ பிரிவின் கோப்புகளையோ தனியாக எழுதி, அதன் பிறகு முழு டிஸ்க்கையும் கொடுக்காமல் இசட்எஃப்எஸ் பிரிவை மட்டும் ரீப்ளேஸுக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பல மாதம் கழித்து மற்ற டிஸ்க் போகும் நாளில், தரவு பத்திரமாக இருக்கும், சர்வர் எழாது. பயிற்சிக் கூடத்தில் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மாற்றிய டிஸ்க்கை மட்டும் வைத்து ரீபூட் செய்து காட்டிய பிறகுதான் இந்தப் பாடத்தை முடிந்ததாகக் குறிக்கிறோம்.